புதையல் நாவல் எழுதுவது எப்படி?

புதைந்த ரகசியத்தைத் தோண்டியெடுக்கும் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கடப்பாரையைத் தேடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் புதைக்க வேண்டும், அதுவும் நீங்களே.

ஊர் சின்னதாக இருக்கட்டும், தெற்கு பிரான்சில் குன்றின் மேலிருக்கும் ரென்-லெ-ஷாத்தோ மாதிரி. 1885-ல் அங்கே பங்குச் சாமியாராக வந்த சோனியேர், கையில் காசில்லாதவர். சில வருஷங்களில் கோயிலைப் புதுப்பித்தார், பங்களா கட்டினார், புத்தகங்களை வைக்க ஒரு கோபுரமே எழுப்பினார். பணம் ஏது? பூசைக் காணிக்கை! ஊர் ஊராகக் கடிதம் போட்டு, ஒரு ஆயுளில் வைத்து முடிக்க முடியாத அளவு பூசைகளுக்குக் காசு வாங்கியிருந்தார். ஆயரின் விசாரணையிலேயே குட்டு உடைந்துவிட்டது. இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுங்கள். மணியார்டரைத் துரத்திக்கொண்டு எந்தக் கதாநாயகன் ஓடுவான்?

பிறகு ஒரு ஓட்டல் தேவை. சாமியார் செத்து முப்பது சொச்சம் வருஷம் கழித்து அதே பங்களாவில் ஓட்டல் வைத்த நோயல் கோர்பு, சாப்பாட்டோடு புதையல் கதையையும் பரிமாறினார். 1956-ல் பத்திரிகையில் வந்தது, மண்வெட்டிகளும் வந்தன. 1965-ல் ஊருக்குள் தோண்டவே தடை. கதை தேறிவிட்டது.

அடுத்து ஆவணம். இதில், கோர்புவின் புதையல் கதையைத் தன் கதையோடு ஒட்டிக்கொண்ட பியர் பிளாந்தாரைத்தான் குருவாகக் கொள்ள வேண்டும். 1956-ல் நண்பர்களோடு சேர்ந்து 'சீயோன் மடம்' என்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் பத்திரிகை முதலில் குறைந்த வாடகைக் குடியிருப்புக்காரர்களின் உரிமைக்குத்தான் குரல் கொடுத்தது. பிற்பாடு சங்கத்துக்குப் பல நூற்றாண்டு வயதைக் கூட்டி, டா வின்சி, நியூட்டன், விக்டர் ஹியூகோ எல்லோரையும் அதன் தலைவர்களாக்கிய காகிதங்கள் 1967-ல் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கவனியுங்கள், நூலகத்திலிருந்து எடுக்கவில்லை, கொண்டுபோய் வைத்தார்கள். நூலக எண் விழுந்துவிட்டால் குப்பையும் ஆவணம்தான்.

முதல் பக்கத்தில் 'உண்மை' என்று தலைப்புப் போட்டு அந்த மடத்தைச் சேர்த்துவிடுங்கள். 2003-ல் 'டா வின்சி கோட்' நாவலில் டான் பிரவுன் போட்டார். கொலையாகிறவருக்கு சோனியேர் என்றே பெயரும் வைத்தார்.

வழக்கு வரும், பயம் வேண்டாம். இதே சாமியாரையும் மடத்தையும் வைத்து 1982-ல் ஆராய்ச்சி நூலாக எழுதிய மூவரில் இருவர், பிரவுனின் பதிப்பாளர் மீது லண்டனில் வழக்குப் போட்டு 2006-ல் தோற்றார்கள். வரலாறு என்று அடித்துச் சொன்னதை அடுத்தவன் எடுத்தால் திருட்டென்று எப்படிச் சொல்வது? தீர்ப்பெழுதிய நீதிபதி பீட்டர் ஸ்மித்துக்கும் இந்த வியாதி தொற்றிக்கொண்டது. தீர்ப்பின் நடுநடுவே சில எழுத்துகளைச் சாய்த்துப் போட்டு, தன் பங்குக்கு ஒரு சங்கேதத்தைப் புதைத்துவைத்தார். சில வாரங்களில் ஒரு வக்கீல் அதையும் தோண்டியெடுத்துவிட்டார்.