ஆறு மாத ஜெர்மானியர்

ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஜெர்மனியைக் கற்றுக்கொடுப்பவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர். அவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டிருப்பவர், அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் முன்னால் விமானம் ஏறிய மதுரைக்காரரோ ஈரோட்டுக்காரரோதான். அதற்குள் முழு ஜெர்மானியர் ஆகியிருப்பார். ஜெர்மானியர் என்றால்கூட முகம் சுளிப்பார். "நாங்க சுவாபியாக்காரங்க ப்ரோ, இந்த ஸ்டுட்கார்ட் வட்டாரம். மத்த ஜெர்மனி வேற."

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். ஜனவரி மாதம், வெளியே உறைபனி. வீட்டு ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துபோட்டுவிட்டு, ஜாக்கெட்டும் மஃப்ளருமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றால் அவரேதான். "பத்து நிமிஷம் காத்து உள்ள வரணும். இல்லேன்னா சுவத்துல பூஞ்சை புடிச்சுரும்." நேற்று வந்து இறங்கிய தம்பி போர்வைக்குள் பல் கிட்டிப்போய்க் கிடப்பான். அவனுக்கு இது முதல் பாடம்.

அடுத்தது மாடிப்படி. அந்த ஊரில் கேர்வோகெ என்று ஒன்று உண்டு. வாரம் ஒரு வீட்டார் முறைவைத்துப் பொதுப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை யாருடையதோ அவர்கள் கதவில் ஓர் அட்டை தொங்கும். வாரம்தோறும் குப்பையை அகற்றியாக வேண்டும் என்று 1492லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். "கொலம்பஸ் கப்பல் ஏறுன வருஷம் ப்ரோ. அவன் அங்க இந்தியாவைத் தேடுறான், இவங்க இங்க விளக்குமாத்தைத் தேடுறாங்க" என்பார் நம்மவர். நகராட்சி அந்தக் கட்டாயத்தை 1988ல் விலக்கிக்கொண்டது, இப்போது வாடகை ஒப்பந்தங்களில்தான் அது உயிரோடிருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். கூடவே குடியிருக்கும் ஹாம்பர்க் பையன் பிறவி ஜெர்மானியன். அவனுக்கு இந்தச் சடங்கே தெரியாது. படியின் மூலையைச் சரியாகத் துடைக்கவில்லை என்று அவனை நிறுத்திவைத்துத் திட்டியிருக்கிறார் இவர், அதுவும் அவன் தாய்மொழியிலேயே, வேற்றுமை உருபெல்லாம் தப்புத் தப்பாக.

ஊரில் துடைப்பக்கட்டை எந்த மூலையில் இருக்கும் என்றே தெரியாத மனிதர். அவர் படி பெருக்குவதை வீடியோ காலில் பார்த்த அம்மா கேட்டாராம்: "மாடிப்படியவாடா பெருக்குற? எவ்வளவு தர்றாங்க?"

குப்பையைப் பிரிக்கிற விஷயத்தில்தான் இவர் உச்சத்தைத் தொடுகிறார். டீ குடித்து முடித்ததும் இலை ஒரு தொட்டிக்கு, நூலில் தொங்கும் காகிதம் இன்னொரு தொட்டிக்கு. ஜெர்மன் ஒழுங்கு என்று தம்பிகள் வாய்பிளப்பார்கள். எனக்கென்னவோ அது அவர் அம்மாவின் ஒழுங்கு என்றே படுகிறது. மீன் சட்டி தனி, பால் சட்டி தனி, புரட்டாசி பிறக்குமுன் கறிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றுவது என்று வளர்ந்தவருக்கு நாலு தொட்டி எம்மாத்திரம்?

சமையலுக்கு வருவோம். கீழ்வீட்டுப் பாட்டியிடம் ஷ்பெட்ஸ்லே கற்றுக்கொண்டார். மைதா, முட்டை, உப்பு, கொஞ்சம் தண்ணீர். மாவில் குமிழி வரும்வரை கை ஓய அடித்து, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் விட வேண்டும். மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது. இதற்கென்று பிழியும் அச்சும் கடையில் விற்கிறது. அதைப் பார்த்ததுமே நம்மவர் அறைக்கு ஓடிப்போய், தீபாவளிக்காக அம்மா பெட்டியில் வைத்தனுப்பிய முறுக்கு அச்சை எடுத்துவந்தார். பாட்டிக்கு வந்ததே கோபம்! பலகையில் மாவைத் தடவிக் கத்தியால் சன்னமாகச் சீவித் தள்ள வேண்டுமாம். பிழிவது சோம்பேறிகள் வேலையாம். அன்றிலிருந்து இவரும் பலகைக் கட்சி. அச்சில் பிழிபவர்களை மனிதராகவே மதிப்பதில்லை.

அந்த ஊரில் ஷ்பெட்ஸ்லேக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பு. அதில் வினிகர் ஊற்றுவார்கள். முதல்முறை அதைப் பார்த்து இவர் கண் கலங்கியதாகக் கேள்வி. இன்று யாராவது புளியை எடுத்தால், "ரொம்ப ஸ்ட்ராங் ப்ரோ, வயித்துக்கு ஆகாது" என்கிறார். ராத்திரிக்கு அடுப்பு மூட்டுவதில்லை. ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரிக்காயோடு சாப்பாடு முடிந்தது. ராத்திரி ரொட்டி தின்றதாக முதல் தடவை சொன்னபோது அம்மா பதறிவிட்டார்: "என்னப்பா, காய்ச்சலா?"

மௌல்டாஷென் இவருக்கு உயிர். மாவுக்குள் கறியும் கீரையும் வைத்து மூடிய சதுரம். நோன்பு நாளில் இறைச்சி தின்ன ஆசைப்பட்ட மௌல்ப்ரோன் மடத்துத் துறவிகள், கடவுள் கண்ணில் படாமலிருக்க இப்படி ஒளித்துவைத்தார்கள் என்று கதை. இதைப் பக்தியோடு சொல்லுவார். புரட்டாசிச் சனிக்கிழமை வீடியோ காலில் தட்டைக் காட்டும்போது அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. வெளியே தெரிவது மாவு மட்டும்தானே.

ஆனாலும் மாதத்துக்கு ஒரு நாள் ஆள் தோற்றுப்போவார். ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதியைச் சுவரில் ஒட்டியவரே, பதினொன்றரைக்கு மீந்த பருப்பில் கடுகு, வரமிளகாய், பெருங்காயம் தாளிப்பார். நடைக்கூரையில் இருக்கும் புகையறிவிப்பான் ஊரைக் கூட்டும். ஹாம்பர்க் பையன் ஜட்டியோடு ஓடிவருவான். இன்னோர் அறையில் இருக்கும் கொலம்பியப் பெண் மட்டும் தட்டோடு வருவாள்.

அந்த வீட்டில் ஓர் அறை காலியாகிறதாம். குடிவருகிறவர்களை நேர்காணல் வைத்துத்தான் சேர்ப்பார்கள். கேள்வி கேட்பவர் இவர்தான். சம்பளம், படிப்பெல்லாம் விசாரிக்க மாட்டார். நீலக் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டி, வெள்ளை, பழுப்பு, பச்சை என்று மூன்று தொட்டி இருக்கிறதே, எதில் போடுவாய் என்பார். பச்சையில் என்று சொல்லுங்கள், அறை உங்களுக்குத்தான். பெருங்காயம் கொண்டுவந்திருப்பதை அப்போது சொல்ல வேண்டாம். மாதக் கடைசியில் அவரே வந்து கேட்பார்.