பழைய சாக்ஸ் முதல் வியாசபீடம் வரை: ஒரு முன்னாய்வு

டேப்லெட்டில் படம் வரைவோர் மென்பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவர். சுண்டுவிரலைப் பற்றிப் பேச ஆளில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது. பேமெண்ட் ‘அடுத்த வாரம்’ வந்துவிடும் என்று சென்ற மாதமே கேட்ட ஓவியருக்காக இது எழுதப்படுகிறது. ஏனையோர் கடைக்காரர் சொன்னதை வாங்கிக்கொள்ளலாம்.

முதற்கண் கையுறை. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடி, மற்ற மூன்றையும் வெளியே விட்டுவிடும் கறுப்பு லைக்ரா உறை இது. உள்ளங்கை பட்டுத் திரையில் தேவையற்ற கோடு விழாமல் காப்பதே இதன் பணி என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. தொடுதிரை கண்டுகொள்வது உடலின் மின்தன்மையை. ஒற்றை அடுக்கு மெல்லிய துணி அதை மறைக்காது. ஐயமுடையோர் உறை மாட்டிய விரலால் திரையைத் தள்ளிப் பார்க்கலாம், பெரும்பாலும் நகரும். உள்ளங்கையை ஒதுக்கும் வேலையைப் பேனாவும் மென்பொருளும் பார்த்துக்கொள்கின்றன.

அப்படியாயின் கையுறை வீணோ எனின், அன்று. மே மாதத்து மின்வெட்டில், தோளிலிருந்து இடுப்புவரை தொங்கும் கூந்தலை ஒரே இழுப்பில் வரைய முயன்றவர் அறிவர்: வியர்த்த கை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, கூந்தல் முதுகோடு நின்றுவிடும். கையுறை வழுக்குவதற்கே உரியது. அதற்குக் கடைச்சரக்கு கட்டாயமில்லை. ஜோடியைத் தொலைத்த சாக்ஸின் நுனியை வெட்டி, குதிகாலில் கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டால் போதும். ஆனால் பருத்தி ஆகாது; வழுக்கவும் மாட்டாது, பஞ்சையும் திரையில் உதிர்க்கும். பள்ளிச் சீருடையின் நைலான் சாக்ஸே உத்தமம்.

அடுத்தது, ‘காகிதத்தில் எழுதுவது போலவே இருக்கும்’ என்று விற்கப்படும் மேட் ஃபிலிம். இதன் சொரசொரப்பு பேனா முனையைத் தேய்க்கும். ஆப்பிள் பென்சிலின் முனையைக் கழற்றி மாற்றலாம். மாற்றாமல் ஓட்டினால் உள்ளிருக்கும் உலோகம் எட்டிப்பார்த்துத் திரையைக் கீறும். மலிவு ஃபிலிமில் மிச்சம் பிடித்த பணம் முனைக்குப் போகிறது. வெள்ளைப் பின்னணியில் பொடிப்பொடியாக மின்னும் வானவில் இலவச இணைப்பு. கோடு வழுக்கியோடும் துன்பம் இல்லாதவர் இதை ஒட்ட வேண்டியதில்லை என்பது என் துணிபு.

பேனாவில்தான் சிக்கனம் ஆபத்தாகிறது. ஐபேடுக்கென மலிவு விலையில் வரும் பேனாக்களில் பல, சாய்வை உணரும், அழுத்தத்தை உணரா. மெல்லத் தொட்டாலும் அழுத்தி இழுத்தாலும் ஒரே தடிமன். உருளையில் உருட்டிவிட்ட கோலம்போல் கோடு உயிரற்று ஓடும். விலை கூடினால் குறை தீரும் என்றும் சொல்வதற்கில்லை: ஆப்பிள் 2023-ல் 7,900 ரூபாய்க்குக் கொண்டுவந்த யுஎஸ்பி-சி பென்சிலுக்கும் அழுத்த உணர்வு கிடையாது. (2007-ல் ஐபோனை மேடையேற்றியபோது ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும் என்று கேட்டவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அவருடைய நிறுவனமே 2015-ல் பென்சில் விற்கத் தொடங்கிற்று.) எனவே அட்டையில் தேட வேண்டிய சொல் ‘அழுத்தம்’; உள்ளங்கையை ஒதுக்கும் ‘பாம் ரிஜெக்‌ஷன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அதற்கு ஈடாகாது.

டேப்லெட்டையே இனிமேல்தான் வாங்கப்போகிறவருக்கு வேறு வழியுண்டு. சாம்சங்கின் டேப் எஸ்6 லைட் பெட்டியிலேயே எஸ் பென் வரும். அது வாகாம் (Wacom) நிறுவனத்தின் மின்காந்த ஒத்ததிர்வு முறையில் இயங்குவது. திரைக்கடியில் உள்ள பலகை எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே பேனாவின் சுருள் தனக்கான ஆற்றலை எடுத்துக்கொள்ளும். அழுத்தம் உணரும், வரைவதற்கு சார்ஜ் வேண்டாம். பென்சில் தயாரிக்கும் ஸ்டெட்லரின் நோரிஸ் டிஜிட்டலும் அதே இனம். பள்ளிப் பென்சில்போலவே தோன்றுவதால் வீட்டுப் பிள்ளைகள் சீவிவிடாமல் பார்த்துக்கொள்க.

இறுதியாகத் தாங்கி. ஆன்லைனில் அலுமினியத் தாங்கிகள் பளபளக்கின்றன. பலவும் படம் பார்க்கச் செய்தவை, கை ஊன்றினால் தலையாட்டும். பூஜை சாமான் கடையில் கிடைக்கும் மர வியாசபீடமோ, ராமாயணத்தின் கனத்தையே தாங்கிப் பழகியது. ஒரு பலகையில் டேப்லெட்டைச் சாய்த்தால் கீழ்விளிம்பு நடுப்பள்ளத்தில் கவ்விக்கொள்ளும். நெட்டுவாக்கில் வைத்தால் சார்ஜ் ஓட்டை பள்ளத்தில் மறைந்துவிடும், கிடைமட்டமே முறை. வரைவது காலண்டருக்கான முருகன் படமாக இருக்கும்வரை வீட்டுப் பெரியவர்கள் ஆட்சேபிப்பதில்லை. அனிமே நாயகிகள் விஷயத்தில் மேலாய்வு தேவைப்படுகிறது.