நீங்களே சொல்லுங்கோ

மும்பையில் வடாலா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது எதிரே இந்தப் பென்ஷன்காரர் வந்தால் சாலையைக் கடந்துவிடுவது உத்தமம். கடக்க முடியாமல் போய், வாய் தவறி "பூனை எப்படி இருக்கு?" என்று கேட்டவர்கள் கையிலிருந்த பால் பாக்கெட்டைத் திரியக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் பதில் எப்போதும் ஒன்றுதான். "நம்ம பூனை இல்லை சார் அது. வர பூனை." ஒரு மழைக்கு மாடிப்படியில் ஒதுங்கியதாம். ஒதுங்கியது ஒதுங்கியபடியே இருக்கிறது. கிளினிக் ஃபைலில் மட்டும் அதன் பெயருக்குப் பின்னால் இவருடைய குடும்பப் பெயர் ஏறியிருக்கிறது. சுத்த சைவ வீடு. மீன்காரியிடம் மாந்தேலி வாங்கப் போகும்போது தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறார். ஸ்கூட்டரை விற்று ஆறு வருஷமாகிறது.

அடுத்தது பில். நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே இருக்கும். ஸ்கேனுக்கு இவ்வளவு, வயிற்றில் கோத்த நீரை எடுக்க இவ்வளவு, ரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு, பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும் தனியாக இவ்வளவு. ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தி, கேட்பவரின் முகத்தைப் பார்ப்பார். அங்கே போதுமான அதிர்ச்சி தெரியாவிட்டால் அதே வரி இன்னொரு முறை வரும். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கேள்வி: "பண்ணலாமா, விட்டுடலாமா? நீங்களே சொல்லுங்கோ."

இதற்குச் சரியான பதில் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. "பண்ணுங்க" என்றால், "ஈஸியா சொல்லிட்டேள், போறது உங்க பர்ஸா?" "விட்டுடுங்க" என்றால், "உங்க பிள்ளைன்னா விட்டுடுவேளா?" மூன்றாம் மாடிக்காரர் கெட்டிக்காரர். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினார். ராத்திரி பத்தரைக்கு பெல் அடித்தது. "யோசிச்சேளா?"

வாட்ச்மேனிடம் கேட்டார். பேப்பர் போடும் பையனிடம் கேட்டார். மாட்டுங்காவில் கோயில் குருக்களை அர்ச்சனைக்கு நடுவில் கேட்டார். தண்ணீர்த் தொட்டி பழுதுக்காகக் கூடிய சோசைட்டி மீட்டிங்கிலும் எழுந்து கேட்டார். தொட்டி இன்னும் ஒழுகுகிறது. இத்தனைக்கும் முதல் ஆளைக் கேட்பதற்கு முன்பே கிளினிக்கில் அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது.

ஊரெல்லாம் யோசனை கேட்பதில் நிஜமான ஆபத்தும் உண்டு. காய்ச்சல்தானே, பாதி பாராசிட்டமால் கொடுங்கள் என்றார் ஒரு நல்ல மனிதர். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைச் சமாளிக்கத் தெரியாது. பாதி மாத்திரையே கொன்றுவிடலாம். நல்லவேளை, இவர் யார் பேச்சையும் கேட்கிற ஆசாமி இல்லை.

நோய் என்னவோ பெரியதுதான். எஃப்.ஐ.பி. பூனையின் குடலில் சாதுவாக இருந்துவிட்டுப் போகும் ஒரு கொரோனா வைரஸ், ஒருசில பூனைகளுக்குள் உருமாறி வெறிபிடித்துவிடுகிறது. வயிற்றில் நீர் கோக்கும். வந்தால் போனதுதான் என்று பல காலம் இருந்தது. 2019-இல் கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 31 பூனைகளுக்கு ஜிஎஸ்-441524 என்ற மருந்தைக் கொடுத்ததில் 25 பிழைத்தன. கொரோனா காலத்தில் மனிதர்கள் அலைந்து திரிந்து வாங்கிய ரெம்டெசிவிர் உடம்புக்குள் போய் மாறுவதும் இந்தப் பொருளாகத்தான். 84 நாள், ஒரு நாள் விடாமல் கொடுக்க வேண்டும். அளவு எடைக்குத் தக்கபடி. வில்லங்கம் இங்கேதான். மருந்து வேலை செய்தால் பூனை எடை போடும். எடை போட்டால் மருந்து கூடும். மருந்து கூடினால் பில் நீளும். பூனை தேறத் தேற இவர் முகம் ஒரே நேரத்தில் மலர்ந்து சுருங்குவதைக் கட்டடமே வேடிக்கை பார்க்கிறது.

எடை போடுவது ரத்திவாலா. பழைய பேப்பருக்கு அவன் தராசில் நூறு கிராம் குறைகிறதென்று முப்பது வருஷம் வாசலில் நின்று சண்டை போட்டவர் இவர். இப்போது ஞாயிறுதோறும் மஞ்சப்பைக்குள் பூனையை உட்கார்த்தி, தலை மட்டும் வெளியே தெரிய, அவனுடைய கொக்கியில் மாட்டுகிறார். தராசு குறைத்துக் காட்டினால் லாபம் இவருக்குத்தான். ஆனாலும், "பராபர் தோலோ பாய்!" என்று கத்துகிறார். அளவு குறைந்தால் நோய் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் முள் இரண்டே முக்காலைத் தொட்டது. பையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரத்திவாலாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். முப்பது வருஷத்தில் முதல் டீ.

வீட்டில் மனைவி கேட்டால், "மகாலட்சுமியில டாட்டாவே நாய் பூனைக்கு 165 கோடியில ஆஸ்பத்திரி கட்டலையா?" என்கிறார். 2024-இல் திறந்தது, உண்மைதான். மாமியிடம் பதில் தயாராக இருக்கிறது. பரேலில், 1880களில், தின்ஷா மானெக்ஜி பெட்டிட் என்ற பார்சி மில் முதலாளி பணம் கொடுத்து வந்த மிருக ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவி சகர்பாயின் பெயர். "அவர் ஆஸ்பத்திரிக்கே பொண்டாட்டி பேரை வெச்சார். இவர் பேங்க் லாக்கர்ல கூட என் பேரைச் சேர்க்கலை."

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. காலை ஏழு மணிக்குப் பூனையின் மாத்திரைக்கு அலாரம் அடிக்கிற வீட்டில், மாமியின் தைராய்டு மாத்திரை தீர்ந்து நாலு நாளாகிறது. முட்டிக்கு எக்ஸ்ரே, போன தீபாவளியிலிருந்து "பார்க்கலாம்". மத்திய அரசுப் பென்ஷன்காரர், சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கிறது. மாமியின் வைத்தியத்துக்குப் பெரிதாகச் செலவே கிடையாது. கூட்டிக்கொண்டு போகத்தான் ஆளில்லை. அதைப் பற்றி இவர் இதுவரை யாரிடமும் "நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டதுமில்லை.

இன்று 61-ஆம் நாள். 84 முடிந்தபின் நோய் திரும்புகிறதா என்று இன்னொரு 84 நாள் கண்காணிக்க வேண்டுமாம். அதுவரை வடாலா பக்கம் வருகிறவர்கள் எதிர்ப்பக்கமாக நடக்கவும். மாட்டிக்கொண்டால், பூனையை விட்டுவிட்டு மாமியின் முட்டியை விசாரியுங்கள்.