மாமா பதில்கள்: ஆடுகிற நாற்காலி, ஆடாத பேரம்

அடுக்கத்திலிருந்து ஒரு தம்பதி கவர் நிறையக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். பழைய மரச்சாமான் வாங்கி, சரிபண்ணி, விற்கிறார்களாம். அதுவும் மார்கழிக் குளிரில். விஷயம் தெரிந்து மற்ற வாசகர்களும் பேனாவைத் தூக்கிவிட்டார்கள். ஆகவே இந்த வாரம் மரம், மரம், மரம்.

கணவர், அடுக்கம்: மேசைக்கு ஸ்பிரிட் பாலிஷ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பால் கொட்டின மாதிரி வெளுத்துப்போச்சு. மரத்துக்கும் தேமல் வருமா மாமா?

மூடுபனிக்குள் உட்கார்ந்து அரக்குப் பாலிஷ் போட்டால் வரும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்புறம் சில்லிட்டுப்போகும். காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிந்து, படலத்துக்குள் சிறைப்படும். நல்ல வெயிலில், ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒரு இழுப்பு இழுங்கள், தேமல் போய்விடும். இனி பனி விலகும்வரை பாலிஷ் டப்பாவைத் திறக்காதீர்கள். அதுவரை உப்புத்தாள் தேய்க்கலாம். அதற்குப் பனி ஒரு சாக்கு ஆகாது.

மனைவி, அடுக்கம்: இவர் அரக்குதான் என்கிறார். நான் மெலமைன் அடிக்கலாம் என்கிறேன். யார் சொல்வது சரி?

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் தீர்ப்புச் சொல்லி நல்ல பேர் வாங்கினவன் கிடையாது. இருந்தாலும்: கணவர். அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு. புரசு, இலந்தை மரங்களில் வளர்ப்பார்கள். அதற்கென்றே ராஞ்சியில் 1924 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட்டால் கரைத்து மறுபடி பூசலாம். மெலமைனில் கீறல் விழுந்தால் முழுசாகச் சுரண்ட வேண்டியதுதான்.

ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் அரக்கில் வெள்ளை வட்டம் விழும். எனவே சாப்பாட்டு மேசைக்கு நீங்கள் சொல்வதே சரி. பார்த்தீர்களா, நான் தப்பித்துவிட்டேன்.

கல்லூரி மாணவி, திண்டுக்கல்: கொடைக்கானலில் ஸ்நோ விழுமா?

விழாது. டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் இரவுகளில், தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குத் தாரை வார்த்துவிடும். அப்போது புல்நுனியிலும் கார் கண்ணாடியிலும் ஈரம் இருந்த இடத்திலேயே உறையும். அதுதான் உறைபனி. குளிர்ந்த காற்று கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் கோக்கர்ஸ் வாக்கில் நிற்பவரைவிட ஏரிக்கரையில் நிற்பவருக்குத்தான் பல் தந்தியடிக்கும். 1863-ல் லெவிஞ்ச் துரை ஏரியை வெட்டும்போது இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்.

ரீல்ஸில் ‘மினி காஷ்மீர்’ என்று போடுகிறவர் காஷ்மீரும் போனதில்லை, விடியற்காலை எழுந்ததும் இல்லை.

கணவர், அடுக்கம்: நாற்காலிக் காலுக்கு வெள்ளைப் பசை போட்டு ராத்திரி முழுக்க இறுக்கிக் கட்டி வைத்தேன். காலையில் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது.

பசைக்கும் குளிர் ஆகாது சாமி. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே போனால் ஒன்றாகச் சேர்ந்து படலமாகாமல் பொடியாகிவிடும். பசை, மரம் இரண்டும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நாற்காலி அடுப்படியில் படுக்கட்டும். இடம் போதாவிட்டால் நீங்கள் திண்ணைக்கு வாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசாரி, பெரியகுளம்: நாங்கள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

வணக்கம் ஆசாரியாரே. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி இறக்கின அந்தப் பசையின் பெருமையே, கேட்டால் விட்டுவிடும் என்பதுதான். வெந்நீரும் ஆவியும் காட்டினால் நூறு வருஷத்து மூட்டுகூடச் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழலும். என்றைக்காவது ஒருநாள் இன்னொரு ஆசாரி இதைப் பிரிப்பான் என்று நினைத்துச் செய்த வேலை அது. எபாக்ஸி போட்ட மூட்டைக் கழற்றிப் பாருங்கள்: பசை நிற்கும், மரம் பிளக்கும்.

நாற்றத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.

மனைவி, அடுக்கம்: பெரியகுளத்தில் ஒரு பழைய பீரோ மலிவாக வருகிறது. நம்ம ரோட்டில் எப்படி ஏற்றுவது?

கழற்றி. கும்பக்கரைப் பக்கத்திலிருந்து உங்கள் ஊருக்கு ஏறும் சாலையின் அகலமும் வளைவும் உங்களுக்கே தெரியும். மழை பிடித்தால் மண் சரிவு வேறு. நல்ல ஆசாரி செய்த பீரோ என்றால் கிரீடம், கதவு, உடம்பு, அடிப்பீடம் என்று தனித்தனியாகப் பிரியும். பிரியவே மாட்டேன் என்றால் ஆணியடித்த சரக்கு, பெரியகுளத்திலேயே இருக்கட்டும்.

1859-ல் வியன்னாவின் தோனெட் கம்பெனி, மரத்தை ஆவியில் வளைத்து ஒரு நாற்காலி செய்தது. 6 துண்டு, 10 திருகு, 2 நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி. பழைய காபி கிளப்புகளில் பின்பக்கம் வளைந்து நிற்குமே, அந்த வம்சம். பிக்கப் வண்டிக்கு எத்தனை பிடிக்கும் என்று கணக்குப் போடுங்கள். கணவரிடம் கொடுக்காதீர்கள், அவர் அளந்துகொண்டே இருப்பார்.

வாசகர், வத்தலக்குண்டு: கொடைக்கானல் பங்களாக்களுக்கு அந்தக் காலத்தில் சாமான் எப்படிப் போனது?

தலையிலும் தோளிலும். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியபோது உங்கள் ஊர் மலைச்சாலை கிடையாது. பெரியகுளம் பக்கம், கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஏறும் மலைப்பாதைதான். துரைசானி நாற்காலியில் உட்கார்ந்து போனார், நாற்காலி கூலியாள் தோளில் உட்கார்ந்து போனது. சரித்திரத்தில் துரைசானியின் பெயர் இருக்கிறது. தோளின் பெயர் இல்லை.

சுற்றுலாப் பிரியர், கோவை: நாற்காலி வாங்க மலைக்கு வந்தாலும் ஈ-பாஸ் எடுக்கணுமா?

வண்டிக்கு வேண்டும். 2024 மே 7-ல் ஆரம்பித்த வழக்கம். நாற்காலிக்கு வேண்டாம். நாலு கால் இருந்தும் சொந்தமாக மலையேறாத பிராணி அது.

சேகரிப்பாளர், சென்னை: ‘நூறு வருஷத்துச் சரக்கு சார், வெள்ளைக்காரன் உட்கார்ந்தது’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

கவிழ்த்துப் பாருங்கள். முகப்பு பொய் சொல்லும், அடிவயிறு சொல்லாது. அடியில் கூட்டல் குறி போட்ட திருகு இருக்கிறதா? அது அமெரிக்காவிலேயே 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் ரிப்பேர் என்று மன்னிக்கலாம். எல்லாமே அது என்றால் வெள்ளைக்காரன் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் டூரிஸ்டாக வந்தவன்.

அடுத்து, தேய்மானம். கை படும் இடம், கால் உரசும் இடம்தான் தேயும். யாரும் தொடாத பின்காலும் முன்கால் போலவே மழுங்கியிருந்தால், தேய்த்தது காலம் இல்லை, கடைக்காரர்.

காயலாங்கடைக்காரர், திருச்சி: எங்களுக்கும் ஆன்டிக் டீலருக்கும் என்ன வித்தியாசம்?

நீங்கள் எடைக்கு வாங்குகிறீர்கள். அவர் கதைக்கு விற்கிறார்.

கணவர், அடுக்கம்: வாங்கின கட்டிலுக்கு அடியில் மாவு கொட்டிக் கிடக்கிறது. போச்சா?

உளு. பதறாதீர்கள். பெருக்கிவிட்டு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வையுங்கள். கட்டிலை அசைக்காமலே புதுத் தூள் விழுந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது: மருந்து ஏற்றுங்கள். விழவில்லையா? காலி வீடு, ஓட்டையை அடைத்துப் பாலிஷ் போடுங்கள். காலி வீட்டுக்கு மருந்தடித்துக் காசைக் கரியாக்குகிறவர்கள்தான் இந்த ஊரில் அதிகம்.

வைரம் பாய்ந்த தேக்கை உளு லேசில் தொடாது. ஓரத்தில் வெள்ளை ஓடுகிறதே, அதுதான் அதற்கு விருந்து.

ஆச்சி, தேவகோட்டை: எங்கள் பக்கத்து வீடுகளைப் பிரித்துப் பிரித்து விற்கிறார்கள். தூணைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எரியத்தான் செய்யும் ஆச்சி. வீடு ஒன்று, பங்காளி இருபது, ஊரில் இருப்பது ஒருவர், அவருக்கும் முழங்கால் வலி. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது மனிதர்கள் சொத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மரம் மட்டும் முன்னாலேயே வந்து தூணாக நின்றுவிட்டது. இப்போது அதுவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கிரயத்துக்கு நிற்கிறது. 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல்தான் உத்தேசம், கடப்பாரை நிச்சயம்.

தூணை வாங்கித் தூணாகவே நிறுத்துகிறவர்மேல் எனக்குக் கோபமில்லை. நிலைக்கதவைக் குறுக்கே அறுத்து, கண்ணாடி பதித்து, டீப்பாய் என்று விற்கிறாரே, அவர் காலில் அந்த டீப்பாயே விழட்டும்.

ஏற்றுமதியாளர், தூத்துக்குடி: பழைய மரச்சாமானை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசை.

1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தைப் படித்துவிட்டு ஆசைப்படுங்கள். நூறு வயதைத் தாண்டிய கலை, கைவினைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது குறைந்தவை ஜோராகப் பறந்தன. சண்டிகருக்காக 1950-களில் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகள் கதை தெரியுமல்லவா? அரசு ஆபீஸ்களில் கழித்துக்கட்டி, அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டார்கள். அதே நாற்காலிகள் ஐரோப்பிய ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கில் போனபிறகு, 2011-ல் உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு உத்தரவு போட்டது.

இனி தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கால் உடைந்த நாற்காலியைப் பார்த்தால் ஒரு கும்பிடு போடுங்கள். அதற்கு பாஸ்போர்ட் இருந்தாலும் இருக்கும்.

இல்லத்தரசி, டொரன்டோ: அம்மாவின் தேக்கு அலமாரியைக் கப்பலில் வரவழைத்தோம். முதல் பனிக்காலத்திலேயே கதவுப் பலகை படார் என்று வெடித்துவிட்டது. பனி என்றால் ஈரம்தானே?

வெளியேதான் பனி, உங்கள் வீட்டுக்குள் பாலைவனம். உறைகுளிர்க் காற்றில் ஈரம் மிகக் கொஞ்சம். அதையே உள்ளே இழுத்து ஹீட்டரில் காய்ச்சினால் மரத்திலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மரம் நீளவாட்டில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது. அகலவாட்டில் நன்றாகச் சுருங்கும். அதற்காகத்தான் பழைய ஆசாரி பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல் சும்மா சொருகி வைப்பார்: சுருங்கட்டும், விரியட்டும் என்று. கப்பலேறும் முன் ‘ஸ்ட்ராங்காக இருக்கட்டும்’ என்று யாரோ அதை ஒட்டிக் கொடுத்திருப்பார். அவர் ஒட்டினது பலமாகத்தான் இருக்கிறது, வெடித்தது பக்கத்தில்.

அறைக்கு ஈரம் ஊட்டும் கருவி ஒன்று வாங்குங்கள். வீட்டுக்காரரின் குதிகால் வெடிப்பும் குறையும்.

மனைவி, அடுக்கம்: ஈசிசேருக்குப் பிரம்பு பின்ன ஆள் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் ஒயர் போடலாமா?

ஒயர் சேர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஈட்டி மர ஈசிசேருக்கு வேண்டாம், பட்டு வேட்டிக்குக் கைலி ஒட்டுப்போட்ட கதையாகிவிடும். பார்வையற்றோர் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் விசாரியுங்கள். பிரம்பு பின்னுவதை அங்கே காலகாலமாகக் கற்றுத்தருகிறார்கள்; அரசு ஆபீஸ் நாற்காலி பின்னும் வேலைக்கே அவர்களை எடுத்ததுண்டு. கண்ணால் எண்ணுகிறவர் ஒரு வரிசை தவறலாம், விரலால் எண்ணுகிறவர் தவறமாட்டார்.

பிரம்பை ஊறவைத்து ஈரத்தோடுதான் பின்ன வேண்டும். காயும்போது தானே இறுகும். மலையில் காய நாளாகும். அதற்குள் உங்கள் வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாகச் சாய்ந்துவிடாமல் காவல் போடுங்கள்.

விவசாயி, பண்ணைக்காடு: தாத்தா காலத்து ஈட்டி மரக் கட்டில் இருக்கிறது. விற்றால் கேஸ் வருமா?

மலையில் நிற்கிற மரத்தில் கோடரி வைக்க 1955-லிருந்தே சட்டம் குறுக்கே நிற்கிறது. ஈட்டிக்கென்று தனியாக 1994-ல் ஒரு சட்டம் வேறு போட்டார்கள். தாத்தா படுத்த கட்டில் வேறு கணக்கு, உள்ளூரில் விற்கலாம். கடல் தாண்டினால், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்துக்குக் கடிவாளம் போடும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதி கேட்பார்கள். 2017-லிருந்து ஈட்டி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதுசரி, விற்றுவிட்டு எதில் படுப்பதாக உத்தேசம்?

மூத்த வாசகர், புரசைவாக்கம்: ஆயிரம் சொல்லுங்கள், மூர் மார்க்கெட் மாதிரி வருமா?

வராது. 1900-ல் திறந்தது, 1985-ல் எரிந்தது. தொலைத்தவனே பேரம் பேசித் திரும்ப வாங்கினதாக ஒவ்வொரு சென்னைக்காரரும் ஒரு கதை வைத்திருக்கிறார். உங்களுடையது சைக்கிள் பெல்லா, கைக்கடிகாரமா?

ஆடிட்டர், மதுரை: பழைய சாமான் வியாபாரத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்று அடுக்கத்துத் தம்பதிக்குச் சொல்லுங்களேன்.

ஆடிட்டர் என்னிடம் கேட்கிறார், காலம்தான். சரக்கு வியாபாரத்தில் வருஷ வரவு 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். பழைய பொருளைச் சின்னச் சின்னப் பழுது மட்டும் பார்த்து விற்றால், வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை இருக்கிறது. நஷ்டத்துக்கு விற்றால் வரி இல்லை. நம் தம்பதி இந்தச் சலுகையை முழுசாக அனுபவிப்பார்கள் என்று தோன்றுகிறது.

மனைவி, அடுக்கம்: நக்கல் போதும் மாமா. என்ன விலை வைப்பது, எப்போது விற்பது?

வாங்கின விலை, வண்டி, பாலிஷ், பிரம்பு. அப்புறம் எல்லாரும் மறக்கிற ஒன்று: உங்கள் இருவர் கூலி. ஊரில் ஆசாரிக்கும் பாலிஷ்காரருக்கும் நாள் கூலி என்னவோ அதைப் போடுங்கள். வீட்டு ஆள் வேலையைச் சும்மா என்று எழுதிவிட்டு, லாபம் லாபம் என்று குதிக்கிற கடைகளைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

சீசன் ஏப்ரல், மே. அதற்கு முன்னால் ஹோம்ஸ்டேக்காரர்கள் அறை ஜோடிப்பார்கள். மார்ச்சிலேயே சரக்கைக் கண்ணில் காட்டுங்கள். குளிர்காலத்தில் வாங்குங்கள், தேயுங்கள், ஒட்டுங்கள். அவசரப்பட்டு விற்காதீர்கள். ஜனவரியில் பேரம் பேச வருகிறவன் உங்கள் முகத்தைப் பார்த்தே பாதி விலை குறைப்பான்.

மனைவி, அடுக்கம்: கடைசியாக ஒன்று. சரிபண்ணின ஆடும் நாற்காலியில் இவரே உட்கார்ந்துகொண்டு விற்கமாட்டேன் என்கிறார். வாசலில் ஆள் வந்து நிற்கிறது!

‘அது விற்பனைக்கு இல்லைங்க’ என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். விலை அங்கேயே கால்வாசி ஏறும். அப்புறம் அவரை அதிலிருந்து இறக்குவது உங்கள் பாடு.