டெட்லைன் நகருமா? ஒரு சிற்றாராய்ச்சி

இவ்வாராய்ச்சியின் நோக்கம் மிகச் சிறியது. ‘டெட்லைன்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் அந்த ‘லைன்’ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. சென்ற வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து கூப்பிட்டு, “சார், வியாழக்கிழமை டெட்லைன்” என்றார்கள். வியாழன் முழுக்கத் தேடினேன். மேசைக்கு அடியிலும் பார்த்தாயிற்று. கோடு எதுவும் தட்டுப்படவில்லை.

ஒரு காலத்தில் இருந்தது. கட்டையும் ஆணியுமாகவே இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்ட வட மாநிலச் சிப்பாய்களை அடைக்க, தென் மாநிலத்தார் 1864 பிப்ரவரியில் ஜார்ஜியாவிலுள்ள ஆண்டர்சன்வில்லில் கூரையில்லாத ஒரு சிறையைத் திறந்தார்கள். சுற்றிலும் 15 அடிக்குக் குறையாத மரச்சுவர். அதிலிருந்து சுமார் 19 அடி உள்ளே தள்ளி, குட்டைக் கம்பங்களை நட்டு, மேலே மெல்லிய சட்டம் அடித்திருந்தார்கள். ஆடு கூடத் தாண்டிவிடும். ஆனால் கைதி அதைத் தொட்டாலே பரண்மேல் நிற்கும் காவலன் சுடலாம். அதன் பெயர்தான் டெட்லைன். அணியிலக்கணம் படித்தவர்கள் கவனிக்க: இதில் உருவகமே இல்லை. வெறும் அறிவிப்பு.

முகாமின் ஊடே ஓர் ஓடை. உள்ளே நுழையும் இடத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தெளிவு. சட்டத்துக்கு அடியில் கையை நீட்டி அந்தத் தண்ணீரை மொள்ளப்போய்ச் சுடப்பட்டவர்கள் உண்டு. 14 மாதங்களில் சுமார் 45,000 பேர் அடைபட்டு, ஏறக்குறைய 13,000 பேர் மாண்ட இடம் அது. பெரும்பாலோரைக் கொன்றது கோடல்ல. வயிற்றுப்போக்கும் ஸ்கர்வியும் அரைவயிற்றுக் கஞ்சியும். சிறையதிகாரி ஹென்றி விர்ஸை 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிட்டார்கள்.

ஆய்வாளர் இந்த இடத்தில் பேனாவைச் சற்று நேரம் மூடி வைத்தார்.

பிறகு இந்தச் சொல் அச்சுக்கூடத்தில் தென்படுகிறது. இயந்திரப் படுகையில் ஒரு கோடு. அதற்கு அப்பால் கோத்த எழுத்து தாளில் விழாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அது கடிகாரத்தின் மேல் ஏறிக்கொண்டது. இன்னும் இறங்கவில்லை.

இனி நமது கண்டுபிடிப்பு. ஆண்டர்சன்வில்லில் கோடு நின்றது, மனிதன் நகர்ந்தான். இன்றோ மனிதன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். கோடுதான் நகர்ந்து வந்து அவனைத் தாண்டிப் போகிறது. ஆனாலும் குற்றவாளி அவனே. காவலன் கையில் துப்பாக்கிக்குப் பதில் ‘ஜென்டில் ரிமைண்டர்’.

மறுப்பு ஒன்று எழலாம்: அன்றைக்கும் கோடு நகர்ந்ததே? உண்மைதான். கூட்டம் தாங்காமல் 1864 ஜூன் கடைசியில் பதினாறரை ஏக்கர் முகாமை வடக்கே இருபத்தாறரை ஏக்கராக விரித்தார்கள். சுவர் தள்ளிப்போக, கோடும் கூடவே போயிற்று. டெட்லைன் எக்ஸ்டென்ஷனுக்கு இதைவிடப் பழைய சான்று நம் கைவசம் இல்லை.

தமிழில் நாம் ‘கெடு’ என்கிறோம். கொடுத்தவர் வாயில் அது தவணை. வாங்கியவன் காதில் ‘கெட்டுப் போ’ என்ற ஏவல்போல் விழுகிறது. கிட்டத்தட்ட சாபம். ஆனாலும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் நாம் தாராள மனசுக்காரர்கள், உயிரையாவது விட்டுவைக்கிறோம்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை மதியமாகிவிட்டது. பத்திரிகையிலிருந்து மறுபடியும் போன்.

“திங்கட்கிழமை வரைக்கும் பாக்கலாம் சார். ஆனா அதுதான் ஃபைனல் டெட்லைன்.”

“அப்போ வியாழக்கிழமைன்னு சொன்னது?”

“அது சும்மா டெட்லைன், சார்.”