இலவந்தோப்பிலிருந்து ஒரு பாராட்டு

முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பட்டியல் போடும் பெரியோர்களே, உங்களைப் போல ஞாபகசக்தி உள்ளவர்களை நான் கண்டதில்லை. பதினெட்டு வயதில் ஒரு பையன் வாங்கிய மார்க்கை அவனைப் பெற்றவளே மறந்துவிட்டாள். நீங்கள் மறக்கவில்லை.

எங்கள் வருசநாட்டுப் பையன் ஒருவனின் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தது. பி.எஸ்சி. விலங்கியலில் 54 விழுக்காடு, எம்.எஸ்சி.யில் 74, தேசியத் தகுதித் தேர்வான நெட்டும் தேறியவன். 'த்ரூ அவுட் ஃபர்ஸ்ட் கிளாஸ்' இல்லை என்று முதல் சல்லடையிலேயே ஒதுக்கிவிட்டீர்கள். அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை, அவன் எழுதியதைப் பிரிக்கவில்லை. என்ன சிக்கனம்!

பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு உங்கள் கண்டிப்பு வராது. அது 2022-இல் போட்ட விதி, இரண்டாண்டு முதுகலை முடித்தவனிடம் அந்த முதுகலையில் 55 விழுக்காடு கேட்பதோடு நின்றுவிடுகிறது. பட்டியல் இனத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோருக்கு அதிலும் 5 தளர்வு. 2024 முதல், ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்காமல் நெட் மட்டும் தேறியவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று எடையும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அவ்வளவு அகலமாகத் திறந்து கிடந்த வாசலுக்கு நீங்கள்தான் பொறுப்பாகப் படல் கட்டினீர்கள்: பத்தாம் வகுப்பு தொடங்கி எதிலும் 60 குறையக் கூடாது. அந்த 30-இன் பக்கம் எங்கள் பையன் வரவே இல்லை.

அவனுடைய 54 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாட்டுப் பக்கம் பல வீடுகளில் இலவ மரம்தான் சோறு போடுகிறது. பங்குனி, சித்திரையில் காய் முற்றும். வெடித்துப் பஞ்சு காற்றோடு போவதற்குள் பறித்தாக வேண்டும். செமஸ்டர் பரீட்சையும் அதே ஏப்ரலில்தான். மரமேற ஆள் வைக்க முடியாத வீட்டில் மூத்த மகன் தொரட்டியோடு ஏறுவான். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவன் கையில் திடீரென்று ஆங்கிலப் புத்தகம் வேறு. நாலு அரியர் விழுந்தது. ஐந்தாவது செமஸ்டருக்குள் நாலையும் கிளியர் செய்தான். கடைசி செமஸ்டரில் வகுப்பிலேயே அவன்தான் மேலே.

உங்கள் நடுநிலையை எந்த வாயால் புகழ்வேன்! 44-இல் தொடங்கி 64-க்கு ஏறி வந்தவனுக்கும் சராசரி 54. 64-இல் தொடங்கி 44-க்குச் சரிந்தவனுக்கும் 54. ஏறியவன் இறங்கியவன் என்று பேதம் பார்க்காத கண் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நீங்கள் பிரிக்காத அவன் எழுத்தைப் பற்றியும் சொல்கிறேன். இலவம்பூ இரவில் விரியும். தேன் குடிக்கப் பழந்தின்னி வௌவால் வரும். முகத்திலும் மார்பிலும் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சிங்காரவேலனும் மாரிமுத்துவும் இதை ஆராய்ந்து 2004-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பகலில் ஏறிய மரத்துக்கு ராத்திரி யார் வந்து போகிறார்கள் என்பது எங்கள் பையனுக்கு அதைப் படித்துத்தான் தெரிந்தது. டார்ச் முகப்பில் சிவப்புக் காகிதம் கட்டிக்கொண்டு பனியில் தோப்பில் உட்கார்ந்தான். எந்த மரம், எத்தனை மணி, எத்தனை தடவை என்று ஒரு நோட்டு நிறைய எழுதினான். "வவ்வால எண்ணவாடா ஒன்னயப் படிக்க வச்சேன்" என்று அவன் அப்பா கேட்டார். அவராவது நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

உங்கள் உறுதி அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இருந்ததில்லை. கணக்கைத் தவிர மற்றதில் தோற்று, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதியும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத கணித மேதை ராமானுஜனுக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்துவிட்டது. கேம்பிரிட்ஜ் அதைவிட இளகிய மனசு. உரிய தகுதி இல்லாதவரை 1914-இல் பதிவு செய்துகொண்டு, 1916-இல் ஆராய்ச்சிப் பட்டமும் கொடுத்தது. மார்க் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைத் திறந்து பார்த்த பலவீனம் அவர்களுக்கு. உங்களிடம் அந்தக் குறை கிடையாது.

இந்த வருடமும் எங்கள் தோப்பில் இலை கொட்டிப் பூ விரிந்தது. அவனுடைய நோட்டு இரண்டாகிவிட்டது. மறுபடி விண்ணப்பம் போடுகிறான். நோட்டுகளை இணைக்கச் சொன்னேன். "எதுக்குண்ணே, அவுங்க மொதப் பக்கந்தான பாப்பாங்க" என்று சொல்லி, இரண்டையும் பஞ்சு மூட்டைக்கு மேலே எடுத்து வைத்துவிட்டான்.