இரண்டு மாதத்தில் ஓர் ஆராய்ச்சி

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐ.சி.எம்.ஆர். தரும் குறுகிய கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆசை. புற்றுநோய்க்கு மருந்து என்பது போலப் பெரிதாக எடுக்கலாமா?
— மாணவர், மதுரை

பதில்: எடுக்கலாம் தம்பி. அவர்கள் தருவது இரண்டே மாதம். எலி வந்து சேரவே அது போதாது.

உங்கள் ஓ.பி.யிலேயே தேடுங்கள். நீரிழிவுக்காரர்கள் இன்சுலினை வீட்டில் எங்கே வைக்கிறார்கள்? பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் உறைய வைப்பவரும் உண்டு, டி.வி. மேல் காய வைப்பவரும் உண்டு. நூறு பேரிடம் கேட்டு எழுதினால் அட்டவணை தயார். ரத்தம்கூட எடுக்க வேண்டாம். (கேள்வி மட்டும்தானே என்று நெறிமுறைக் குழுவின் அனுமதியை விட்டுவிடாதீர்கள். அந்தக் குழு எப்போது கூடும் என்பது ஜோசியருக்கும் தெரியாது. முன்கூட்டியே மனுப் போடுங்கள்.)

தலைப்பைவிட வழிகாட்டி முக்கியம். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் தருகிற பேராசிரியர் எவ்வளவு பெரியவரானாலும் வேண்டாம்.

முடிவு தலைகீழாக வந்தால் பதறாதீர்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப்போய், உறைய விடாத பொருளில் முட்டிக்கொண்டார். 1916-ல் கட்டுரை வந்தது. ஹெப்பாரின் கதை அங்கேதான் தொடங்கியது. அந்தப் பெயரை 1918-ல் சூட்டியது அவருடைய பேராசிரியர் ஹவல். அதனால் கட்டுரையில் உங்கள் பெயர் எத்தனையாவது இடத்தில் வரும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.